தண்ணீர் கறுத்தால் கையை எடு

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதி முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால் போதும், மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அந்த வாரம் என்னென்ன வண்டி விற்றது என்று ஓரளவு தெரிந்துவிடும். டிராக்டர், குட்டியானை, ஸ்கூட்டர், சீட்டில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத கார். எல்லாவற்றுக்கும் மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அங்கே கருப்புக்குச் சிலை கிடையாது. மூடிய கதவுதான் சாமி. அந்தக் கதவுக்கே சந்தனம் பூசி வைத்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "என் வண்டி பேனட்டில் மட்டும் சந்தனம் வேண்டாம்" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லியிருக்க வேண்டும் என்கிறான் என் அக்கா மகன். அவனுடைய பேனட் கார்பன் ஃபைபர்.

கோயம்புத்தூரில் படித்தவன். படித்தது எவ்வளவு என்று தெரியாது, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்தது நிறைய. ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டி ஓடவிட்ட கரிவர்தன், 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனவர், அவர் நினைவாகப் பெயர் வைத்த தடம் அது. அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ரேஸ் காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பேனட் ஒன்று இவன் கண்ணில் பட்டிருக்கிறது. தன்னுடைய பழைய ஹேட்ச்பேக்குக்கு அச்சாக உட்காரும் என்று தெரிந்ததும் விடவில்லை. ஊருக்கு வந்து மாட்டி, முதல் வேலையாக அழகர்கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பூசையும் போட்டாயிற்று.

அடுத்த கோடை முடிவதற்குள் அந்தப் பேனட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. நடுவில் பால் சிந்தின மாதிரி வெண்மேகம். வைப்பர் ஓரத்தில் பாம்புச் சட்டை கணக்காகத் தோல் உரிந்து தொங்குகிறது. ஒரு பக்கம் பழைய பிளாஸ்டிக் வாளி மாதிரி மஞ்சள். இத்தனைக்கும் கீழே அந்தக் கறுப்பு நெசவு மட்டும் அப்படியே இருந்தது. கெட்டுப்போனது கார்பன் இல்லை, அதன் மேலே இருந்த கிளியர் கோட். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பாதிப் பணமும் மிச்சம்.

கார்பன் என்பது நூல். அக்ரிலிக் சுவெட்டர் நூல் வகையைச் சேர்ந்த ஒரு செயற்கை இழையை, காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டுக் கரியாக்கினால் கிடைப்பது. எடிசன் 1879, 80 வாக்கில் பருத்தி நூலையும் மூங்கில் நாரையும் கரியாக்கி பல்பு எரியவிட்டதே இதற்குப் பாட்டன் முறை. இன்றைக்கு இருக்கும் வலுவான இழை 1958-ல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் கையிலும், 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகியோ ஷிண்டோ கையிலும் உருவம் எடுத்தது. நூலைத் துணியாக நெய்து, எபாக்சி ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து, அச்சில் இறுகவிட்டால் பேனட். எஃகின் அடர்த்தி 7.8 என்றால் இதற்கு ஏறத்தாழ 1.6. கையில் தூக்கினால் சிரிப்பு வரும், அவ்வளவு லேசு.

லேசாக இருந்தாலும் உடையாது என்று உலகம் நம்பினது 1981-ல். மெக்லாரன் எம்பி4/1 தான் கார்பன் உடற்கூட்டோடு ஓடிய முதல் ஃபார்முலா ஒன் கார். அந்த வருஷம் மோன்சாவில் ஜான் வாட்சன் அதை மோத, எஞ்சின் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனது. மனிதர் எழுந்து நடந்து வந்தார். நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. ஏவுகணைக்கென்று செய்த எடை குறைந்த கலவைப் பொருளை ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவர் ஒருவர் தூக்கிப் பார்த்து அசந்துபோக, போலியோ பாதித்த குழந்தைகளுக்கு 3 கிலோ காலிப்பருக்குப் பதிலாக 300 கிராமில் செய்து கொடுத்தார் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துக்காரர் சொன்ன இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, கார்பன் என்றால் ஒரு மரியாதை. அதற்கு மேல் நடிகர் அஜித் துபாயில் போய் ரேஸ் ஓட்டி, 2025 ஜனவரியில் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் வாங்கினதும், 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 ஓடினதும் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கார்பன் பித்து தலைக்கேறிவிட்டது.

இந்த நூலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது. பிசினுக்குத்தான் ஆகாது. எபாக்சி, புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும், பிறகு சுண்ணாம்பாகப் பொடியும். அதனால்தான் அதன் மேல் பாலியூரித்தேன் கிளியர் பூசுகிறார்கள். அதற்குள் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொள்ளும் சரக்கு கலந்திருக்கும். கம்பெனியிலிருந்து வரும் சாதாரணக் காரில் இந்தக் கிளியரின் கனம் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெலிசு. கார்பன் பேனட்டில் கொஞ்சம் தடிப்பாக அடிப்பார்கள். ஆனால் ரேஸ் காருக்குச் செய்த சாமானில் பல நேரம் பெயருக்குத்தான் இருக்கும். பந்தய வண்டி பந்தயம் முடிந்ததும் ஷெட்டுக்குள் போய்விடும், கள்ளந்திரி கால்வாய்ப் பாலத்துப் பக்கம் மத்தியான வெயிலில் நாள் முழுக்க நிற்காது.

அப்புறம் எங்கள் ஊர்ச் சிறப்புகள். முதலாவது போர் தண்ணீர். வீட்டு உப்புத் தண்ணீரைச் சுடுகிற பேனட்டில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி, உப்பு வட்டம் வட்டமாக உட்கார்ந்து கிளியரை அரிக்கும். காரைக் கெடுப்பதில் வெயிலுக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். இரண்டாவது பறவை எச்சம். வெயிலில் கிளியர் இளகி, எச்சம் காய்ந்து இறுகி, சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது அந்த இடத்தில் பள்ளமாகவே பதிந்துவிடும். மரத்தடி நிழல் என்று நிறுத்துபவர்கள் மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்துவிட்டு நிறுத்தலாம். மூன்றாவது குரங்கு. அழகர்மலைக் குரங்குகளுக்குக் கண்ணாடியில் ஏறி பேனட்டில் சறுக்குவது விளையாட்டு. பொரி கொடுக்கிற புண்ணியவான் பக்கத்து வண்டிக்காரராக இருந்தால் சறுக்குமரம் நம் வண்டி. நாலாவதுதான் சந்தனம், குங்குமம். சந்தனத்தில் குற்றமில்லை, துடைத்தால் போய்விடும். இப்போது கடையில் கிடைக்கும் குங்குமத்தில் இருப்பது பெரும்பாலும் சாயம். அதை எண்ணெயில் குழைத்து வைத்து, எலுமிச்சைச் சாறும் சொட்டி, அப்படியே ஒரு வாரம் வெயிலில் ஓட்டினால் கறை இறங்காமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் நினைக்கும்போது மலைக்காரரின் ஞாபகம் வரும். அழகர் உற்சவருக்கு மலை மேல் இருக்கும் நூபுர கங்கைத் தீர்த்தத்தைத் தவிர வேறு தண்ணீரில் அபிஷேகம் செய்தால் மேனி கறுத்துவிடும் என்பது காலங்காலமான ஐதீகம். சித்திரையில் மதுரைக்கு வந்தாலும் தீர்த்தம் கூடவே வரும். ஐப்பசியில் மலையேறித் தைலக்காப்பு. திருவிழாவில் தோல் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கு, விசைப் பம்பு வைக்காதே, ரசாயனம் கலக்காதே என்று அண்மை ஆண்டுகளில் அறிவிப்பு மேல் அறிவிப்பு. மேற்பரப்பைக் காப்பாற்றுவதைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாமிக்குத் தெரிந்ததை வண்டிக்குச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

என் அக்கா மகன், அதாவது மாப்ள, பேனட்டை முதலில் நகருக்குள் ஒரு கடையில் காட்டினான். பெயர் வேண்டாம். அவர்கள் ஒரு ஸ்பிரே டப்பா லாக்கரை எடுத்து, உரிந்துகொண்டிருந்த கிளியர் மேலேயே அடித்து, "பளபளன்னு ஆயிருச்சு பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனதும் உண்மை. கொஞ்ச நாளில் பழைய தோலோடு சேர்ந்து புதுத் தோலும் உரிந்தது. அதன் பிறகுதான், "மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச பெயின்டர் யாராவது..." என்று என்னிடம் வந்தான்.

அப்பன்திருப்பதியில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே வேலை பார்க்கும் அண்ணன், சென்னையில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்துப் பக்கம் ஒரு டீமுக்கு ரொம்ப நாள் பெயின்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். பேனட்டைச் சுண்டிப் பார்த்தார். அடிப்பக்கம் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது முழுக்கக் கார்பன் இல்ல தெரியுமா? மேல ஒரு சுத்துதான் கார்பன். கீழ எல்லாம் கண்ணாடி ஃபைபர்."

மாப்ளையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி இப்படித்தான். விலையைக் குறைக்க மேலே ஒரே ஒரு அடுக்குக் கார்பன் துணி, உள்ளே வெள்ளையாகவோ பச்சை ஓடியோ கண்ணாடி இழை. இதற்கும் கீழே ஒரு சாதி உண்டு, நெசவு அச்சடித்த ஸ்டிக்கர். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. நிஜ நெசவு, நாம் நகர்ந்தால் பட்டுப் புடவை மாதிரி ஒளி மாற்றும், ஸ்டிக்கர் செத்துக் கிடக்கும். ஒரே அடுக்கு என்று தெரிந்துகொண்டதில் பலன் இருக்கிறது. அந்த ஒரு அடுக்கைத் தேய்த்துத் தள்ளிவிட்டால் மீட்க வழியே கிடையாது.

அடுத்து அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வெண்மேகத்தின் மேல் ஊற்றினார். பாதி இடத்தில் மேகம் மறைந்து நெசவு தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் காய்ந்ததும் மறுபடி வெளுத்தது. மீதிப் பாதியில் தண்ணீர் ஊற்றியும் வெள்ளை அப்படியே நின்றது. "மறையுற இடம் மேல்காயம். மறையாத இடத்துல காத்து உள்ள போயிருக்கு" என்றார். மேற்பரப்பு மட்டும் சொரசொரத்துப் போயிருந்தால் அந்தப் பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பி ஒளியை நேராகப் போகவிடும், அதனால் மறைகிறது. கிளியருக்கும் ரெசினுக்கும் நடுவில் பிடி விட்டிருந்தால் தண்ணீர் அங்கே எட்டாது. அந்த இடத்தில் பாலீஷ் மெஷினை எடுத்துக்கொண்டு நிற்பது வெட்டி வேலை. பிடி விட்ட கிளியரை முழுக்க எடுத்தே ஆக வேண்டும். மேல்காயம் மட்டும் என்றால் காம்பவுண்டு போட்டு பஃபிங் செய்து, இரண்டு மூன்று மைக்ரானோடு முடித்துவிடலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் காசைக் கரைக்கிறார்கள்.

பேனட்டைக் கழற்றி, வளையாமல் நாலு பக்கமும் தாங்கல் கொடுத்து வைத்தார்கள். முதல் வேலை கழுவுவது, சோப்பு போட்டு, பிறகு மெழுகும் எண்ணெயும் எடுக்கிற திரவத்தால் துடைத்து. வண்டிப் பூசைக்கு ஏற்றின விளக்கின் எண்ணெய், டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கிற சிலிக்கான் பாலீஷ் இதெல்லாம் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் புதுக் கிளியர் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி குழி விழும். தேய்ப்பதற்கு முன்னாலேயே துடைக்க வேண்டும். தேய்த்துவிட்டுத் துடைத்தால் எண்ணெயை நாமே உள்ளே தேய்த்து இறக்கினதாகிவிடும்.

அப்புறம் வாட்டர் பேப்பர். உரிந்த இடத்துக்கு 400, விளிம்பு கைக்குத் தட்டுப்படாத வரை. பிறகு 600. பிடிப்பாக இருக்கும் இடத்துக்கு 800 போதும். கையில் அப்படியே பிடித்துத் தேய்க்காமல் ரப்பர் பிளாக்கில் சுற்றித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் படும் இடமெல்லாம் வாய்க்கால் வெட்டும். மாப்ளையிடம் ஒரு துண்டு பேப்பரைக் கொடுத்து அண்ணன் சொன்ன ஒரே கட்டளை இதுதான்:

"தண்ணி வெள்ளையா ஓடுற வரைக்கும் தேய். கறுத்துச்சுன்னா கையை எடுத்துரு."

கிளியர் தேயும்போதும் ரெசின் தேயும்போதும் பால் நிறத்தில்தான் வரும். சாம்பலாகவோ கறுப்பாகவோ ஓடினால் நூலைத் தொட்டுவிட்டோம். நெசவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும் முடிச்சுகள்தான் உயரமான இடம், அதனால் முதலில் வெட்டுப்படுவது அவைதான். வெட்டுப்பட்ட நூல் ஒளியை வேறு மாதிரி திருப்பும். எத்தனை கோட்டு கிளியர் அடித்தாலும் வெயிலில் பார்த்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். இந்த வேலையில் இதற்கு மட்டும் மன்னிப்பு இல்லை, மற்ற எதையும் திரும்பத் தேய்த்து அடித்துக்கொள்ளலாம். மடிப்புகளிலும் ஓரங்களிலும் கிளியர் மெலிசாக இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டி வைத்துவிட்டு, கடைசியில் லேசாக இரண்டு தடவு தடவினால் போதும்.

சாதாரணக் காரில் கிளியர் எவ்வளவு மிச்சம் என்று அளக்க ஒரு மீட்டர் உண்டு. அது இரும்பை வைத்து அளப்பது, கார்பன் மேல் வைத்தால் ஒன்றும் காட்டாது. அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும், விலை கேட்டால் பேனட்டையே புதிதாக வாங்கலாம் போலிருக்கும். ஆக, கண்ணும் தண்ணீரின் நிறமும்தான் கருவி. மேலூர்ப் பக்கம் கிரானைட் பாலீஷ் பட்டறையில் வேலை பார்த்த ஆட்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். முரட்டுக் கல்லில் தொடங்கி நம்பர் நம்பராக ஏறி, முந்தின நம்பரின் கீறல் முழுக்கப் போன பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்கள். அண்ணனின் உதவியாள் அப்படி வந்தவர்தான். அவர் கைப் பொறுமையை மாப்ள வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மஞ்சள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிளியரை எடுத்ததும் முக்கால்வாசி போய்விட்டது. வைப்பர் ஓரத்தில், ரொம்ப நாளாகத் தோல் உரிந்து ரெசின் நேராக வெயில் வாங்கின இடத்தில், லேசாகத் தங்கிவிட்டது. ரெசினே மஞ்சளானதை முழுக்க எடுக்க வேண்டுமானால் நூல் வரை போக வேண்டும். விட்டுவிடச் சொன்னேன். கறுப்பின் மேல் கொஞ்சம் தேன் நிறம், அவ்வளவுதான். பேனட்டைத் திறந்து வைத்துப் பூதக்கண்ணாடியோடு வருபவர்களுக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

ஈரத்தோடு அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. ஊசிமுனைத் துளைகளுக்குள்ளும் ஓரத்தில் வெளியே தெரியும் நூல்களுக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருக்கும். நன்றாகக் காயவிடவில்லை என்றால் கிளியருக்கு அடியில் கொப்புளம். காய்ந்த பிறகு துளை இருந்த இடங்களில் மெலிசாக எபாக்சி தேய்த்து அடைத்தார்கள். ஈரக்காற்றில் இறுகுகிற எபாக்சி மேலே பிசுபிசுவென்று மெழுகு மாதிரி ஒரு படலம் கக்கும். அதைச் சும்மா தேய்த்தால் போகாது, வெறும் தண்ணீரில் ஸ்க்ரப்பர் வைத்துக் கழுவி, பிறகுதான் பேப்பர் போட வேண்டும். இந்தக் கழுவலை விட்டுவிட்டு, "கிளியர் சரியில்லை" என்று டப்பாவைத் திட்டுபவர்கள் ஏராளம்.

ஸ்பிரே அடிக்க அண்ணன் விடிகாலையில் வரச் சொன்னார். டூ-கே கிளியர் என்பது இரண்டு டப்பா: ஒன்று கிளியர், ஒன்று ஹார்டனர். கலந்த நொடியிலிருந்து இறுக ஆரம்பிக்கும். வெயில் ஏற ஏற அந்த வேகமும் ஏறும், 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பு. சித்திரை மத்தியானத்தில் வேக ஹார்டனரைப் போட்டுக் கலந்தால் கன்னிலிருந்து பேனட்டுக்குப் போவதற்குள்ளேயே பாதி காய்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக விழும். அதனால் நம் ஊருக்கு மெதுவான ஹார்டனர், மெதுவான தின்னர். அளவு, டப்பாவில் போட்டிருக்கிறபடி அளவுக் கப்பில் ஊற்றி. பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று வரும், ஆனால் டப்பாவுக்கு டப்பா மாறும். கண் அளவு என்று சொல்லும் பெயின்டரிடம் வண்டியை விடாதீர்கள்.

முதல் கோட்டு பனி மாதிரி. அது பக்கத்து மாஸ்கிங் டேப்பில் விரல் வைத்தால் நூல் இழுக்கும் பதத்துக்கு வந்ததும் அடுத்தது, ஈரமாக. பிறகு இன்னொன்று. கார்பனுக்கு ஆழம் தெரிய வேண்டும் என்று ஒரே நாளில் கொட்டி அடித்தால், மேல்தோல் மூடிக்கொண்டு அடியில் சிக்கின தின்னர் வெடித்துக் குட்டிக் குட்டி ஓட்டை போடும். மூன்று கோட்டோடு நிறுத்தி, நன்றாகக் காயவிட்டு, 800-ல் மட்டமாகத் தேய்த்து, மறுபடி இரண்டு. நெசவின் மேடு பள்ளம் மறைந்து கண்ணாடி போட்ட மாதிரி வருவது இந்த இரண்டாவது சுற்றில்தான். கெட்ட இடத்துக்கு மட்டும் அடித்துவிடலாமே என்று மாப்ள கேட்டான். பேனட் நடுவில் புதுக் கிளியர் வந்து முடிகிற விளிம்பு கொஞ்ச நாளில் காட்டிக்கொடுத்துவிடும், உரியவும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுசாகத்தான்.

இன்னொன்றும் அண்ணன் மறுத்தார். பக்கத்தில் பெரிய பட்டறையில் சூடேற்றும் பூத் இருக்கிறது, அங்கே வைத்துச் சீக்கிரம் காயவைக்கலாம் என்றதற்கு. இரும்பு பேனட்டுக்கு 60 டிகிரி ஒன்றுமில்லை. கையால் செய்து சாதாரண வெப்பத்தில் இறுகவிட்ட கார்பன் சாமானில் ரெசின் அந்தச் சூட்டை ஒட்டியே இளக ஆரம்பிக்கலாம். பேனட் நெளியும், நெசவு வரி வரியாக மேலே எழும்பிவிடும். நிழலில் காயட்டும் என்று விட்டுவிட்டோம். அழகர்கோவில் தோசை வாங்கி வந்து கொட்டகையிலேயே சாப்பிட்டோம். அந்தப் பிரசாதத் தோசையின் மொறுமொறுப்பைப் பற்றித் தனிப் பதிவே எழுத வேண்டும்.

இங்கே கொஞ்சம் கோபமாக ஒரு விஷயம். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்பிரே புகையில் அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரும். ஒரு தடவை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிறகு அரைத் துளிக்கே மூச்சு அடைக்கும், ஆயுசுக்கும். எங்கள் பக்கம் எத்தனை பெயின்டர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்க இதை அடிக்கிறார்கள்! கைக்குட்டையால் ஒரு பிரயோசனமும் இல்லை. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடிதான் முறை. இருங்காட்டுக்கோட்டைப் பழக்கத்தில் அண்ணன் அதை வைத்திருந்தார். இல்லாதவர்களின் கொட்டகையில் நாமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கார்பன் தூளும் அப்படித்தான், காய்ந்த நிலையில் தேய்த்தால் தோலில் அரிக்கும், மூச்சிலும் போகும், மின்சாரம் கடத்தும் என்பதால் ஸ்விட்ச் போர்டையும் விடாது. தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளியர் நன்றாக இறுகினபின் 1500, 2000, 3000 என்று தேய்த்து, காம்பவுண்டு, பாலீஷ். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. புதிதாகக் கிளியர் அடித்த பேனட்டுக்கு உடனே மெழுகும் செராமிக் கோட்டிங்கும் போடச் சொல்லிக் கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் கெடு முடியும் வரை வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், தண்ணீர் போர் தண்ணீராக இல்லாமல் இருந்தால்.

இவ்வளவு பாடு எதற்கு, புது இரும்பு பேனட் ஒன்று வாங்கி மாட்டிவிடலாமே என்று அக்கா கேட்டாள். என் சொந்த அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுதான். தினமும் புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல் என்று ஓடுகிற வண்டிக்குக் கார்பன் பேனட் தேவையே இல்லை. குறைகிற சில கிலோவால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால், டேங்கை முழுக்க நிரப்பாமல் ஓட்டினால் அதைவிட எடை குறையும் என்று சொல்லுங்கள். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை ஒத்துக்கொள்வதில்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். இதையெல்லாம் சொன்னேன். மாப்ள கேட்டுக்கொண்டே பேனட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாங்கியாயிற்று, ஆசைப்பட்டாயிற்று. கையில் இருக்கும் கார்பனைக் குப்பையில் போடுவதை விடக் கிளியர் அடித்து வைத்துக்கொள்வது மேல். அதற்கு ஆன செலவு புதுக் கார்பன் பேனட் விலையில் சின்னப் பங்குதான்.

திரும்ப மாட்டும்போதுதான் அண்ணன் பழைய போல்டுகளைக் காட்டினார். கார்பனைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் துரு தின்று பூத்திருந்தது. கார்பன் மின்சாரம் கடத்தும். அதோடு இரும்போ அலுமினியமோ ஒட்டி இருந்து நடுவில் ஈரமும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி ஆகி, உலோகம்தான் கரையும். உரிந்த கிளியர் ஓரமாக இறங்கின தண்ணீர் இவ்வளவு நாளும் இந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் போல்டு, கீழும் மேலும் நைலான் வாஷர், துளையின் உள்விளிம்புக்குத் தொட்டுத் தடவின மாதிரி கொஞ்சம் எபாக்சி.

"பூட்டு ஒழுங்கா விழுதான்னு மூணு தடவ அடிச்சுப் பாரு தம்பி" என்றார் அண்ணன். "லேசான பேனட்டு. ரிங் ரோட்டுல எண்பதுல போகும்போது காத்துல தூக்குச்சுன்னா நேரா கண்ணாடியிலதான் வந்து விழும். முன்னாடி ரெண்டு பின் பூட்டு போட்டுக்க, அசிங்கமா இருந்தாலும் பரவால்ல."

மாப்ளைக்கு அந்தப் பின் பூட்டு அசிங்கமாகத் தெரியவில்லை. ரேஸ் காரில் இருப்பது மாதிரியே இருக்கும் என்பதால் உடனே சரி என்றான்.